வெள்ளைக் கார் போட்ட கூச்சல்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் அம்மா. காரைப் பற்றித் தெரிந்தவர் அப்பா. ஒன்பது வயதில் இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எல்லா வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அம்மா நெடுமங்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைபவர். அலுவலகப் பென்சிலால் வீட்டில் ஒரு கோடு இழுக்க மாட்டார். ஒருமுறை எனக்குப் பூகோளப் பாடத்துக்குப் படம் வரைந்து தருவதற்காக, கையில் இருந்த பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வேறு பென்சில் வாங்கி வந்தார்.

தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததால்தான் அந்தச் சின்ன வெள்ளைக் காரை, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதை, வாங்கினார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள இருவரும் சேர்ந்தே போனார்கள். மைதானத்தில் கம்புகளை நட்டு, ஆங்கில எழுத்து 'எச்' வடிவத்தில் காரை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்வார்கள். அம்மா முதல் தடவையே எச் போட்டு உரிமம் வாங்கிவிட்டார். அப்பா மூன்று தடவை போனார். மூன்று தடவையும் பின்னால் வரும்போது ஒரே கம்பைச் சாய்த்தார். மூன்றாம் தடவை இன்ஸ்பெக்டர், "சாரே, சாருக்கு ஸ்கூட்டர் தன்னெ நல்லது" என்று அன்பாகச் சொன்னாராம். அதன்பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. யாராவது கேட்டால் அம்மா, "அவங்களுக்கு ஓட்டுறதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்பார்.

கார் முதன்முதலாகக் கத்தியது ஒரு ஜூன் மாத மழைக் காலையில். அம்மா சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குள்ளிருந்து கீ...ச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. தெருநாய் படுத்திருந்த இடத்திலிருந்து எகிறி ஓடியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரை விட்டே இறங்கிவிட்டார். எதிர்வீட்டுச் சேட்டன் சோப்பு நுரை முகத்தோடு வாசலுக்கு வந்து, "எந்தா சாரே, பன்னியக் கொல்லுதா?" என்றார்.

அப்பா அவசரப்படவில்லை. பானெட்டைத் திறந்தார். அம்மாவை மறுபடி இன்ஜினை ஓடவிடச் சொன்னார். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியை இன்ஜினின் ஒவ்வொரு பாகத்திலும் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதுபோலவே இருந்தது. சந்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பிறகு ஒரு பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை, சுற்றிக்கொண்டிருந்த கறுப்பு பெல்ட்டின் மேல் தெளித்தார். சத்தம் இரண்டு மடங்காகியது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

"தண்ணி பட்டு சத்தம் கொறஞ்சா பெல்ட் தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கு. கூடுச்சுன்னா பெல்ட் லூசு. இது லூசு. அவ்வளவே உள்ளூ."

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்கும் காட்டினார். கட்டைவிரலால் அமுக்கினால் பெல்ட் லேசாகத்தான் அமுங்க வேண்டும். இது தொட்டில் கயிறுபோல அமுங்கியது. காருக்கு மின்சாரம் தரும் டைனமோவையும், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப்பையும் இந்த ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது என்றார். டைனமோவைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் நெம்பினால் பெல்ட் இறுகும். உள்பக்கம் தள்ளினால் தளரும். அவர் நெம்பி, போல்ட்டை முறுக்கி, "இப்போ ஸ்டார்ட் பண்ணு" என்றார். கார் பூனைக்குட்டிபோல ஓடியது.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்க அம்மா சொன்னார்: "நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன்!"

அப்பா பழைய பனியன் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு தடவையாவது கார் கத்தத் தொடங்கியது. சனிக்கிழமை காலை அம்மா கிளம்பும்போது கத்தும். கத்திக்கொண்டே நெடுமங்காடு போய்வரும். ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தியம். எதிர்வீட்டுச் சேட்டன் தன் வீட்டு நாற்காலியோடு வந்துவிடுவார். அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து, அப்பா நிமிரும்வரை தட்டோடு பக்கத்தில் நிற்பார். அந்த ஒரு மணி நேரம் கார் அப்பாவுடையது. மற்ற நாட்களில் அவர் அதில் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் என் பள்ளிக்கூடப் பையை வைத்துக்கொண்டு வருவார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டேன். முந்தின நாள் காரிலேயே விட்டுவிட்ட கலர்ப் பென்சில் டப்பாவை எடுக்க வாசலுக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. அப்பா அதற்குள் குனிந்திருந்தார். இன்றைக்குக் கார் கத்தும் முன்பே சரிசெய்கிறார் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் போகப்போன நான் செம்பருத்திச் செடியருகே நின்றுவிட்டேன். அப்பா போல்ட்டைத் தளர்த்தினார். பிறகு உள்ளங்கையை வைத்து டைனமோவை உள்பக்கம் தள்ளினார்.

உள்பக்கம். எனக்குச் சந்தேகமே இல்லை. தூக்கக் கலக்கத்தில் மாற்றித் தள்ளிவிட்டார் என்று நினைத்து, "அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பானெட்டை மூடினார். வழக்கமாகப் பட்டென்று போடுவார். அன்றைக்கு இரண்டு கைகளாலும் மெல்ல அமுக்கி, சத்தமே வராமல் மூடினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். என் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அம்மா காரைக் கிளப்பினார். கார் கத்தியது. அப்பா கையில் செய்தித்தாளோடு உள்ளேயிருந்து ஓடிவந்தார். புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன.

"என்னது, மறுபடியுமா!" என்றார்.

கார் கத்தியதற்கு நான் அதிரவில்லை. அந்தப் புருவங்களைப் பார்த்துத்தான் அதிர்ந்தேன். அவ்வளவு நன்றாக ஆச்சரியப்பட்டார். நான் செடியருகே நின்று பார்த்திராவிட்டால், உலகத்திலேயே அதிகமாக ஆச்சரியப்பட்ட மனிதர் என் அப்பாதான் என்று சத்தியம் செய்திருப்பேன். மறுநாள் வைத்தியத்தின்போது ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கக் கூப்பிட்டார். வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்ன சொல் என்றுகூடத் தெரியவில்லை. திருட்டு என்றால் எதைத் திருடினார்? பொய் என்றால், அவர் ஒன்றும் சொல்லவே இல்லையே!

அந்த வருடம் ஓணம் விடுமுறைக்கு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ஊரில் இரண்டு லாரி வைத்திருந்தவர். லாரி வைத்திருந்தாரே தவிர, பானெட்டுக்குள் தலையை விட்டவரல்ல. வந்த அன்று தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்து வரும்போது அம்மா ஓட்ட, மாமா முன்னால் உட்கார, அப்பா பின்னால் ஏறினார். மாமா கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ள, பொண்டாட்டி ஓட்டுதா, நீங்க பொட்டிய மடில வச்சிக்கிட்டு வாரியளே!"

அம்மா, "வண்டிக்கு என்ன வந்தாலும் அவங்கதான் பாப்பாங்க. மெக்கானிக்கெல்லாம் கிட்ட நிக்க முடியாது" என்றார்.

"பாப்போம், பாப்போம்" என்றார் மாமா.

மறுநாள் பொன்முடி போவதாக ஏற்பாடு. காலையில் நான் பல் தேய்க்க வந்தபோது அப்பா பழைய பனியன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "என்ன மக்ளே, கெளம்பியாச்சா?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. கார் வாசலிலேயே கத்தும். மாமாவின் கண்முன்னால் அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைப்பார்.

கார் கத்தவில்லை. அம்மா சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பியது. மழையில்லாத, வெயில் ஏறிய காலை. பெல்ட்டுக்கு அன்று கத்தத் தோன்றவில்லை. அப்பா முன்சீட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நில்லு. ஒரு தடவ தொறந்து பாத்துடறேன்."

"நல்லா ஓடுத வண்டிய எதுக்கு தொறக்கிய?" என்றார் மாமா. "விடு தங்கச்சி, வெயில் ஏறுததுக்குள்ள மல ஏறணும்."

நெடுமங்காடு தாண்டியதும் கீச்சல் ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு காது கூசும்படி. அப்பா நிறுத்தச் சொன்னார். மாமா, "கத்துனா கத்திட்டுப் போவுது, ஆடா மாடா!" என்றார். வித்துராச் சந்தையில் அப்பா மறுபடி சொன்னார். அங்கே முன்னும் பின்னும் ஜீப்புகள், நிறுத்த இடமில்லை. அம்மா, "மேல போயி ஆற அமரப் பாத்துக்கலாங்க, எப்பவும் உள்ளதுதானே" என்றார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உண்மையைச் சொல்லாமல் காரை நிறுத்தவைத்துச் சரிசெய்ய முடியாது. சரிசெய்யாமல் சும்மா வரவும் முடியாது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது; பிடிக்கவில்லை.

கல்லாறு கடந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் டப்பென்று ஒரு சத்தம். அதோடு கீச்சல் அடியோடு நின்றுவிட்டது.

"பாத்தியளா! தானா சரியாயிட்டு" என்று மாமா தொடையில் தட்டினார்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நிறுத்து" என்றார். "பெல்ட் அறுந்துட்டு. நிறுத்து!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அம்மா, "ஏதோ செவப்பு லைட் எரியுதுங்க" என்றார். நிறுத்துவதற்கு அங்கே இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. அடுத்த வளைவில் கொஞ்சம் அகலம் இருக்கும் என்று அம்மா ஏற்றினார். வளைவுக்குள் நுழையும்போது பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி எதிர்க்கண்ணாடியை மூடியது. அம்மா கியர் மாற்றினார். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது.

கார் பின்னால் உருண்டது.

மாமா, "ஏட்டி, பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறினார். அம்மா இரண்டு கைகளாலும் கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். பின்கண்ணாடியில் சாலை இல்லை, மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. என் பக்கத்தில் கதவு திறந்து கிடந்தது, அப்பாவைக் காணவில்லை. ஒரு முட்டல். கார் நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா காருக்குப் பின்னால் சாலையில் குப்புற விழுந்தவர்போல முழங்கால் போட்டு, ஒரு பெரிய கல்லைப் பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டடியில் சரிவு. கீழே எங்கோ பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

அம்மா இறங்கிப் போய் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

மேலேயிருந்து வந்த எஸ்டேட் ஜீப்பில் மாமா வித்துராவுக்குப் போய், ஒரு மெக்கானிக்கைப் புது பெல்ட்டோடு கூட்டிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வந்தவர் மலையாளி; எஸ்டேட்டில் வேலைபார்க்கும் தமிழர்களோடு பழகித் தமிழும் பேசுவார். இன்ஜின் ஆறியதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். அறுந்த பெல்ட்டை எடுத்து எங்களுக்குக் காட்டினார். உள்பக்கம் கண்ணாடிபோல மின்னியது. மாதக்கணக்காகத் தளர்ந்து, வழுக்கி, சூடேறி வெந்துபோயிருக்கிறது என்றார். பிறகு டைனமோவின் அருகே குனிந்தவர் அப்படியே நின்றார்.

"சேச்சி, இத நோக்கு. மத்த போல்ட்டெல்லாம் துரு பிடிச்சுக் கெடக்கு. இது ஒண்ணு மாத்திரம் பளபளன்னு. மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. இது தன்னால லூஸ் ஆனதல்ல. யாரோ எப்பவும் இத அழிச்சு முறுக்குறது ஆணு. ஆராணு?"

அழிச்சு என்றால் மலையாளத்தில் கழற்றி என்று அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் அது தமிழாகத்தான் என் காதில் விழுந்தது.

மாமா நிமிர்ந்தார். "யாரு? யாரு இதத் தொட்டது?"

அப்பாவின் உதடு அசைந்தது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று தோன்றிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நான்தான்" என்று கேட்டது. அம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். அம்மா மெக்கானிக்கைப் பார்த்து நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எப்பவும் அவங்களயே தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே ரெண்டு மூணு தடவ ஸ்பேனர வச்சுத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியல."

அம்மா ஸ்பேனரைத் தொட்டே நான் பார்த்ததில்லை. தொட்டால் சேலையில் கரி ஆகிவிடும் என்று அந்தப் பெட்டியைத் தாண்டிக்கூடப் போக மாட்டார். ஒரு தோழியின் அழிரப்பரை என்னுடையது என்று நான் சொன்னதற்காக, மாலை முழுவதும் என்னோடு பேசாமல் இருந்தவர். அந்த அம்மாவின் வாயிலிருந்து இப்படியொரு பொய், அதுவும் தடுமாறாமல். அப்பாவைச் செடியருகே நின்று பார்த்த அன்றைவிட அதிகமாக அப்போது அதிர்ந்துபோனேன். வீட்டில் மிச்சமிருந்த ஒரு ஆளும் போய்விட்டதுபோல இருந்தது.

மாமா குரலை உயர்த்தினார். "எவ்வளவு பெரிய உத்தியோகம் பாத்தா என்ன? பொம்பள கைல வண்டியக் குடுத்தா இதான் கதி. நாலு உசுரு போயிருக்கும்! மாப்ள, நீங்களாவது கண்டிக்கக் கூடாதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அப்பா, "இல்ல..." என்று தொடங்கினார். அம்மா உடனே நிமிர்ந்தார். "நீங்க இவளக் கூட்டிட்டுப் போயி அந்த ஓடையில மூஞ்சி கழுவிட்டு வாங்க. போங்க."

அதன்பிறகு அப்பா அந்தக் காரின் பானெட்டைத் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கார் கத்தவில்லை. எதிர்வீட்டுச் சேட்டன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியோடு வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே போனார். பல வருடங்கள் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, உங்களுக்கு எப்போது தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சனிக்கெழம மட்டும் கெட்டுப்போற காரு எந்த ஊருல இருக்கு?" என்றார். அப்படியானால் ஏன் ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக்கொண்டு போய் நின்றீர்கள் என்று கேட்கவில்லை. அந்த வயதில் அது எனக்குக் கொஞ்சம் புரிந்திருந்தது.

ஆனால் அன்று அந்த ஓடைக்கரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் இறங்கி சாலைக்கு அடியில் ஓடியது. அப்பா குந்தி உட்கார்ந்து கை கழுவினார். கல்லைப் பிடித்ததில் உள்ளங்கை சிராய்த்திருந்தது. அதன்மேலேயே மணலை அள்ளித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லோரிடமும் மாட்டிக்கொள்வோமோ என்றுதான் பயப்படுகிறார், அந்தப் பயத்தை நான் போக்கிவிட முடியும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் காதருகே ரகசியமாகச் சொன்னேன்.

"பயப்படாதீங்கப்பா. நீங்க டைனமோவ உள்பக்கம் தள்ளுனத நான் அன்னிக்கே பாத்துட்டேன். யார்ட்டயும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்."

சிரிப்பார், என் கன்னத்தைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். அப்பா கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கார் பின்னால் உருண்டபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. மெல்லப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் சொட்டும் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. மலைத் தண்ணீர் அவ்வளவு குளிர் போலிருக்கிறது என்று எண்ணி, என் கவுனின் ஓரத்தால் அவர் கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன்.